பனிக்கு அடியில் ஒரு விதவை



சில மாதங்களுக்கு முன் நம் பங்கில் ஒரு குடும்பத் தலைவரை அடக்கம் செய்தோம். அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. ஏழாம் நாள் பூசை முடிந்தபின் அவருடைய மனைவி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகக் கோயில் பக்கவாசலில் நின்று, "சாமி, இனி நான் எப்படிப் பிழைப்பேன்?" என்று கேட்டாள். "சர்வேசுரன் பார்த்துக்கொள்வார், அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது சத்தியந்தான். ஆனாலும், கதவைப் பாதி சாத்திக்கொண்டு பிச்சைக்காரனுக்குக் காசு போடுகிறவனைப்போல நான் அதைச் சொன்னேன் என்று அன்று இராத்திரியே என் மனம் என்னைக் குத்திற்று. அவள் கேட்டது "எப்படி" என்று. நான் சொன்னது "யார்" என்று. இரண்டும் ஒன்றல்லவே.

அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்தது வேதசாஸ்திர நூல் அல்ல, ஒரு வண்டைப் பற்றிய புஸ்தகம். சிரிக்காதீர்கள். கோயிலுக்கும் தேனீக்கும் உள்ள உறவு பழையது. பாஸ்கா இராத்திரியில் புதுத்திரியை ஏற்றிவைத்துப் பாடும் புகழ்ப்பாட்டின் லத்தீன் மூலத்தில், அந்த மெழுகைச் செய்த தேனீயும் நினைக்கப்படுகிறது. அர்ச். அம்புரோஸ் குழந்தையாய்த் தொட்டிலில் கிடந்தபோது தேனீக்கள் அவர் வாயில் வந்து மொய்த்தன என்று ஒரு கதை உண்டு. பிரசங்கிகளாகிய நாங்களும் சுறுசுறுப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் உடனே எறும்பையோ தேனீயையோ பிடித்துக்கொள்வோம். ஆனால் நான் இன்று சொல்லப்போவது மெழுகுதிரி செய்கிற தேனீயை அல்ல. அதன் உறவுக்காரி ஒருத்தி, குளிர்ந்த மலைகளில் குடியிருப்பவள். ஆங்கிலேயர் அவளைப் பம்பிள் பீ என்பார்கள். நம் பக்கத்தில் அவள் இல்லாதபடியால் நம் பேச்சில் அவளுக்குப் பெயரும் இல்லை. மலைவண்டு என்று வைத்துக்கொள்வோம்.

நம் வீட்டு உத்தரத்தைத் துளைக்கிற பெரிய கருவண்டை நினைத்துக்கொண்டு, "இதுதானே அது?" என்று யாராவது கேட்கக்கூடும். அது வேறு. நம் கருவண்டுக்கு வயிறு வழவழவென்று மின்னும். மலைவண்டோ தலை முதல் வால் வரை கம்பளி போர்த்தியதுபோல் அடர்ந்த உரோமம் உடையது. கறுப்பும் மஞ்சளும், சிலவற்றில் வெள்ளையும் செங்காவியும் கலந்து பட்டை பட்டையாக இருக்கும். உலகத்தில் இவற்றில் 260 வகைக்கு மேல் உண்டு. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வெப்ப தேசங்களில்தான் வகை வகையாய்ப் பெருகியிருக்கின்றன. இந்த ஒரு கூட்டம் மாத்திரம் அதைத் தலைகீழாக்கி, குளிரைத் தேடிப் போயிற்று. இமயமலையும் திபேத்து மேட்டுநிலமும் அதை ஒட்டிய மேற்குச் சீனத்து மலைகளுமே இவற்றின் பெரிய தாய்வீடு. காஷ்மீரத்து மலைகளில் மட்டும் 29 வகைகளை ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1991-ல் எண்ணி எழுதிவைத்தார். லடாக்கின் பெயரையே தாங்கிய வகை ஒன்று உண்டு. மரம் முளைக்காத உயரத்திலும், 5,000 மீட்டருக்கு மேலுங்கூட, பூ இருக்கிற இடத்தில் இவை பறப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

விந்திய மலைக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. உதகையிலும் கோடைக்கானலிலும் குளிர் உண்டு, பூ உண்டு. இமயமலையில் செக்கச்செவேலென்று பூக்கிற அதே இனத்து மரம், காட்டுப்பூவரசு என்ற பெயரில், நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் பூக்கிறது. மரம் வந்து சேர்ந்தது, வண்டு வரவில்லை. நடுவே கிடக்கிற வெப்பமான சமவெளி கம்பளி உடுத்தவர்களுக்குக் கடல் மாதிரி.

இனி அவளுடைய வருஷத்தைச் சொல்கிறேன். தை மாசியில் தொடங்குகிறேன், ஏனென்றால் அப்போது மலையில் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பனி மாத்திரம். அந்தப் பனிக்கு அடியில், மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில், சின்னக் குழி ஒன்றைத் தோண்டி, அதில் கைகால்களை மடக்கிக்கொண்டு ஓர் இராணி வண்டு கிடக்கிறது. ஒற்றையாய்க் கிடக்கிறது. மெழுகுத் தேனீக்கள் குளிர்காலத்தை ஆயிரக்கணக்கில் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு, சேமித்த தேனைக் குடித்துக் கழிக்கும். மலைவண்டுக்கு அந்தச் சுற்றமும் இல்லை, சேமிப்பும் இல்லை. அவளுடைய தாய் இறந்துவிட்டாள். உடன்பிறந்த வேலைக்காரிகள் இறந்துவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் அவளை மணந்த ஆண் வண்டும் முதல் உறைபனியில் இறந்துவிட்டது. கணவனிடமிருந்து பெற்றதைத் தன் உடம்பில் பத்திரமாய் வைத்துக்கொண்டு, தாயாவதற்கு முன்னமே விதவையானவள் அவள். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு ஒன்றே சொத்து. ஆறு மாதம், சில மலைகளில் எட்டு ஒன்பது மாதம், அதை வைத்துத்தான் உயிர் தரிக்க வேண்டும்.

எந்த இடத்தில் குழி தோண்டுகிறாள் என்பதைக் கேளுங்கள். வெயில் படும் சரிவை அவள் விரும்புவதில்லை. பல வகைகள் வெயில் படாத வடக்குச் சரிவையே தேடிப் போகின்றன. தெற்குச் சரிவில் படுத்தால் நடுக்குளிர்காலத்தில் நாலு நாள் வெயில் அடித்தவுடன் விழிப்பு வந்துவிடும். வெளியே வந்தால் பூ இராது. சேமித்த கொழுப்பும் வீணாய்ச் செலவாகும். ஆகையால் குளிர் கூடுதலான பக்கமே அவளுக்குப் பத்திரமான பக்கம்.

பனி உருகும்போது குழிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? கனடா தேசத்தில் ஓர் ஆராய்ச்சிசாலையில் குளிர்பெட்டியில் உறங்கவைத்திருந்த இராணிகளின் குழாய்களுக்குள் எதிர்பாராமல் தண்ணீர் தேங்கிப்போயிற்று. செத்திருக்கும் என்று எண்ணி வெளியே எடுத்தால், அசைந்தன. பிறகு அதையே சோதனையாகச் செய்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு நாள் முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்த இராணிகளில் பத்துக்கு எட்டு உயிரோடு எழுந்தன. யோனாஸ் தீர்க்கதரிசிகூட மூன்று நாள்தான் இருந்தார்.

சித்திரை வைகாசியில், உயரத்துக்குத் தக்கபடி முன்பின்னாக, மலை அடிவாரத்திலிருந்து பனி பின்வாங்குகிறது. பூ மேல்நோக்கி ஏறுகிறது. அவளும் எழுந்திருக்கிறாள். வெளியே காற்று உறைநிலையை ஒட்டியிருக்கலாம். அவளுடைய மார்புச் சதையோ ஏறத்தாழ 30 டிகிரி சூடு இருந்தால்தான் பறக்க முடியும். என்ன செய்கிறாள்? சிறகை அசைக்காமல், சிறகை இயக்கும் சதையை மாத்திரம் நடுநடுங்க வைக்கிறாள். நாம் குளிரில் பல் கிட்டி நடுங்குகிறோமே, அதுபோல. அந்த நடுக்கத்திலிருந்து சூடு பிறக்கிறது. கம்பளி அதை வெளியே விடாமல் காக்கிறது. சில நிமிஷத்தில் புறப்பட்டுவிடுகிறாள். ஆனால் நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டும். சீக்கிரம் ஒரு பூவில் தேன் கிடைக்காவிட்டால் தரையிலேயே விழுந்து கிடப்பாள். வசந்தத்தின் முதல் பூக்கள் அவளுக்கு அலங்காரமல்ல, சோறு.

பிறகு வீடு தேடுகிறாள். சொந்தமாகத் தோண்டிக் கட்டுவதில்லை. எலி விட்டுப்போன வளை, கல்லுக்கு அடியில் உள்ள பொந்து, பழைய புல் குவியல், இப்படி யாரோ கழித்துப்போட்ட இடம் ஒன்றில் நுழைகிறாள். மகரந்தத்தைக் கொண்டுவந்து உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் முட்டையிட்டு, தன் உடம்பில் சுரக்கும் மெழுகால் மூடுகிறாள். அதே மெழுகால் தையல்காரர் விரற்கூடு அளவில் ஒரு சின்னக் கலயம் செய்து, தேன் நிரப்பி, வாசற்பக்கமாக வைத்துக்கொள்கிறாள். அப்புறம், கோழி அடைகாப்பதுபோல, உரோமம் குறைந்த வயிற்றுப் பக்கத்தை முட்டைகளின் மேல் அழுத்திக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்காருகிறாள். இராத்திரி முழுவதும் நடுங்கி நடுங்கி அந்தக் கூட்டை ஏறத்தாழ 30 டிகிரிச் சூட்டில் வைத்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாக்கு எட்டும் தூரத்தில் அந்தக் கலயம் இருக்கிறது. கலயம் காலியானால் வெளியே ஓட வேண்டும். ஓடினால் முட்டைகள் குளிரும். ஓடாவிட்டால் இருவருமே பட்டினி. நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரேப்தா ஊர் விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் ஒரு கை மாவும் குடுவையில் கொஞ்சம் எண்ணெயும் வைத்துக்கொண்டு, கடைசிச் சாப்பாட்டுக்காக விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடத்தில்தான் எலியாஸ் தீர்க்கதரிசி போய் அப்பம் கேட்டார். ஆண்டவர் அவளுக்குப் பத்து மூட்டை மாவு அனுப்பவில்லை. மாவு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அவள் கையை விட்டுத்தான் பார்த்திருப்பாள், இன்றைக்கு இருக்கிறதா என்று.

நாலைந்து வாரத்தில் முதல் பிள்ளைகள் வெளியே வருகின்றன. எல்லாம் பெண். எல்லாம் சின்ன உருவம், ஏனென்றால் ஒரே ஒருத்தி ஊட்டி வளர்த்த பிள்ளைகள். ஆனால் அன்று முதல் இராணியின் பாரம் இறங்குகிறது. பிள்ளைகள் பூவுக்குப் போகத் தொடங்கியபின் தாய் வெளியே போவதை நிறுத்திவிடுகிறாள். அவர்கள் கொண்டுவர, அவள் முட்டையிட, குடும்பம் பெருகுகிறது. ஐம்பது, நூறு, நல்ல இடத்தில் சில நூறு. தேனீக் கூட்டின் பதினாயிரங்களோடு ஒப்பிட்டால் இது குடிசைதான். சேமிப்பும் சில நாளைக்கே போதும். மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் கலயங்கள் வற்றிப்போகும்.

நல்லதையே சொல்லிக்கொண்டு போவது நியாயமல்ல. இவற்றின் உறவிலேயே சில வகைகள் உண்டு, அவற்றுக்குக் கூடு கட்டத் தெரியாது, வேலைக்காரப் பிள்ளைகளும் இல்லை. அவள் பாடுபட்டுக் குடும்பத்தை நிமிர்த்திய சமயம் பார்த்து உள்ளே புகுந்து, இராணியைக் கொன்றோ அடக்கியோ, அவள் பிள்ளைகளைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்ளும். குயில் காக்கைக்குச் செய்வதைவிடக் கொடியது. இதையும் சிருஷ்டித்தவர் அவரே. ஏன் என்று என்னைக் கேட்டால் யோபு என்னும் பரிசுத்தவானுக்குக் கிடைத்த பதிலுக்கு மேல் எனக்கும் தெரியாது. அங்கேயும் ஆண்டவர் விளக்கம் சொல்லவில்லை. மலையாட்டையும் கழுகையும் காட்டினார்.

இப்போது ஒரு வழக்கமான பிரசங்கக் கதையைப் பற்றி இரண்டு வார்த்தை. "விஞ்ஞான கணக்குப்படி இந்த வண்டு பறக்கவே முடியாது, ஆனால் அது தெரியாதபடியால் பறக்கிறது, விசுவாசமும் அப்படியே" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது தவறு. 1934-ல் பிரெஞ்சு தேசத்து ஒரு நூலில், அசையாத விமானச் சிறகுக்குரிய கணக்கைப் பூச்சிக்குப் போட்டுப் பார்த்ததால் வந்த வினை அது. வண்டின் சிறகு அசையாமல் நிற்கிறதா என்ன? வினாடிக்கு 200 தடவை போல அடித்து, திருப்பி, சிறகின் முன்விளிம்பில் காற்றைச் சுழலவைத்து, அந்தச் சுழலின் பலத்தில் மேலே எழும்புகிறது. தப்பான கணக்கை வைத்துச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையே போதும். மேற்குச் சீனத்து மலையில் 3,250 மீட்டர் உயரத்தில் பிடித்த ஆண் வண்டுகளை ஒரு பெட்டியில் அடைத்து, உள்ளே இருந்த காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்துப் பார்த்தார்கள். 2014-ல் அதைப் பிரசுரித்தார்கள். அவற்றுள் இரண்டு, 9,000 மீட்டருக்கு மேல் இருக்கும் காற்றளவிலும் நின்று பறந்தன. எவரெஸ்டு சிகரத்தையும் தாண்டிய உயரம் அது. சிறகை வேகமாய் அடிக்கவில்லை, இன்னும் அகலமாய் வீசின. அந்த உயரத்தில் அவை உண்மையில் குடியிருப்பதில்லை, ஏனென்றால் அங்கே பூ இல்லை.

இதையெல்லாம் தூர தேசத்து விநோதம் என்று நினைக்க வேண்டாம். உங்களில் பலர் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலும் பேதியும் கண்டால் பாட்டியம்மாள் நாட்டு மருந்துக் கடையில் அதிவிடயம் வாங்கிவரச் சொல்வாள். சாம்பல் நிறத்தில் சின்னக் கிழங்கு, வாயில் வைத்தால் கசப்பு. கொடிய விஷமான வச்சநாபிக்கு இது சொந்தத் தங்கை, ஆனால் இதில் அந்த விஷம் இல்லை. இது திருநெல்வேலியிலும் விளைகிறதில்லை, திருச்சியிலும் விளைகிறதில்லை. காஷ்மீரம், இமாசலம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளின் உயர்ந்த புல்வெளிகளில், 2,400 மீட்டருக்கு மேலே முளைக்கிறது. ஆவணி மாதத்தையொட்டிப் பூக்கும் அதன் பூ, முக்காடிட்ட கன்னியாஸ்திரீயின் தலையைப்போல இருக்கும். அந்த முக்காட்டின் உச்சிக்குள் தேன் ஒளிந்திருக்கிறது. ஈயும் சிறு பூச்சியும் அதை எட்டமாட்டா. கனத்த உடம்பும் நீண்ட நாக்கும் உள்ள மலைவண்டு உள்ளே முண்டி நுழைந்து தேனை எடுக்கும்போது, அதன் வயிற்றுக் கம்பளியில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. வச்சநாபிக் குடும்பம் எந்தெந்த நாட்டில் முளைக்கிறதோ அந்தந்த நாட்டிலெல்லாம் இவ்வண்டும் உண்டு என்று நூறு வருஷத்துக்கு முன்னமே தாவர சாஸ்திரிகள் கவனித்தார்கள். ஆகவே நம் தொட்டிற்பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற அந்தக் கசப்புக் கிழங்கின் வம்சம், நாம் ஒருபோதும் காணாத ஒரு விதவையின் பிள்ளைகள் செய்கிற வேலையினால் நிலைத்திருக்கிறது. கிழங்கைத் தோண்டினால் செடி போய்விடும். விதை முற்றுவதற்கு முன்னே தோண்டினால் அதன் சந்ததியும் போய்விடும். விலை ஏற ஏற, முன்கூட்டியே தோண்டுகிறார்கள். அந்தச் செடி இன்று அழிந்துபோகும் பட்டியலில் இருக்கிறது.

பூ தாமதித்தாலும் இவ்வண்டுகள் சும்மா இருப்பதில்லை. சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் 2020-ல் கண்டு சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. மகரந்தம் கிடைக்காத நாட்களில் வேலைக்கார வண்டுகள் இன்னும் பூக்காத செடிகளின் இலைகளைக் கடித்துச் சின்னச் சின்ன ஓட்டை போடுகின்றன. தின்பதற்கு அல்ல. கடிபட்ட செடி சீக்கிரம் பூக்கிறது. தக்காளிச் செடி ஒரு மாதம் முன்னதாகவே பூத்தது. மனிதர் கத்தியால் அதே மாதிரி ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். அத்தனை சீக்கிரம் பூக்கவில்லை.

கோடை முதிர்ந்தபின் கூட்டில் ஆண் வண்டுகளும் புது இராணிகளும் பிறக்கின்றன. ஆண் வண்டுகள் கூட்டை விட்டால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பனி படிந்த பூவின்மேலேயே தூங்கிக் கிடக்கும். புது இராணிகள் மணந்து, தின்று கொழுத்து, வடக்குச் சரிவைத் தேடிப் போகிறார்கள். கிழவி இராணியும் வேலைக்காரிகளும் கூட்டிலே தங்கிவிடுகிறார்கள். ஐப்பசிக் குளிர் வருவதற்குள் ஒருவரும் இல்லை. கோடை முழுவதும் உழைத்த அந்த மகள்களில் ஒருத்திகூட அடுத்த வசந்தத்தைக் கண்டதில்லை. இதைப் படித்தபோது, பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்கி, அவன் சம்பாத்தியத்தைக் காணாமலே கண்மூடிய நம் பங்குத் தகப்பன்மார் சிலர் என் நினைவுக்கு வந்தார்கள். நவம்பர் மாதத்தில் கல்லறைத் தோட்டத்தை மந்திரிக்கும்போது அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசிக்கிறேன்.

இதுவரை சொன்னது ஆதி முதல் நடந்துவந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு இன்று குலைகிறது. பூமி சூடாகிறது என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகளை, 67 வகை வண்டுகளின் பதிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்து 2015-ல் எழுதினார்கள். தெற்கு எல்லையில் இவ்வண்டுகள் சில இடங்களில் 300 கிலோமீட்டர் வரை இடம் இழந்துவிட்டன. வடக்கே அதற்கு ஈடாக முன்னேறவும் இல்லை. தெற்கிலுள்ள வகைகள் மலையில் மேலே மேலே ஏறுகின்றன. ஸ்பெயினின் வடக்கே கந்தாப்ரிய மலையில் இருபது வருஷ இடைவெளியில் இரண்டு முறை எண்ணியவர்களும் இதையே கண்டார்கள். ஆல்ப்ஸ் மலையில் பனிக்கோட்டை ஒட்டி வாழும் ஒரு வகை, தன் கீழ் எல்லையைச் சில நூறு மீட்டர் மேலே நகர்த்திக்கொண்டது. ஏறுவது சரி. ஆனால் மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே. ஏற ஏற இடம் குறுகுகிறது. உச்சிக்கு மேலே வானந்தான்.

அமெரிக்காவில் கொலராடோ மலைச் சிகரங்களில் நடந்தது இன்னும் நுட்பமானது. அங்கே இரண்டு வகை வண்டுகளின் நாக்கு, நாற்பது வருஷத்தில் நூற்றுக்கு இருபத்துநாலு பங்கு குட்டையாகிவிட்டது. கோடைச் சூட்டில் நீண்ட குழலுள்ள பூக்கள் அருகிப்போகவே, கிடைத்த பூவையெல்லாம் உண்ணப் பழகியவை பிழைத்தன. வண்டு பிழைத்தது. அந்த நாக்குக்காகவே குழலை நீட்டி வைத்திருந்த பூ யாருக்காகக் காத்திருக்கும்?

தென் அமெரிக்காவில் அந்தீஸ் மலைத் தொடரின் தென்கோடியில் உலகத்திலேயே பெரிய மலைவண்டு இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பொன் நிறமானது. சிலி தேசத்தார் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி விளைவிக்க, 1990-களின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து வேறு வண்டுகளைக் கூடுகூடாக விலைக்கு வாங்கி இறக்கினார்கள். தக்காளிப் பூவை வண்டு கட்டிப்பிடித்து அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாய் உதிரும், ஆகையால் அது இலாபமான தொழில். அந்த வண்டுகள் வெளியே தப்பி, 2006-ல் மலையைக் கடந்து அர்ஜென்டினாவில் காணப்பட்டன. அவற்றோடு நோய்க்கிருமிகளும் போயின என்று சந்தேகிக்கிறார்கள். அவை போன இடமெல்லாம் பொன்வண்டு மறைந்தது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தக்காளி மலிவாய்க் கிடைக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில், மிருகமும் பறவையும் அழிந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறது, பூச்சியும் புழுவும் அழிவது தெரிகிறதில்லை என்ற கருத்தை எடுத்துக்காட்டினார். நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, கண்ணால் கண்ட அயலானுக்குச் செய்த தீங்கையே எண்ணுகிறோம். காணாத அயலானுக்குச் செய்ததை எந்தக் கற்பனையின் கீழ் எழுதுவது? எனக்கும் இது புதுப்பாடந்தான். களவு செய்யாதிருப்பாயாக என்பதன் கீழே எழுதலாம் என்று தோன்றுகிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கென்று வைக்கப்பட்டதை நாம் எடுத்துக்கொள்கிறோம் அல்லவா?

போன புதன்கிழமை அந்தத் தாயைப் பேருந்து நிலையத்து அருகே கண்டேன். காலை வேளைகளில் இட்டிலி விற்கிறாள். மூத்தவன் இலை போட்டுக்கொண்டிருந்தான். கூட்டம் ஓய்ந்தபின், அன்று வாசலில் சரியாகப் பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டு, இந்த வண்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளைங்க தலையெடுத்ததும் ராணி வெளிய போறதை நிறுத்திடுமா சாமி?"

"நிறுத்திவிடும் அம்மா."

"அது குடுத்துவச்சது" என்று சிரித்தாள். பிறகு, "அந்தச் சின்னக் கலயம்னு சொன்னீங்களே, நம்ம கதையும் அதான். சிலிண்டர் இன்னும் மூணு நாளைக்குத்தான் வரும்" என்றாள்.

வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் அன்று மாலையே சொன்னேன். சிலிண்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. மாவு அரைக்கிற கிரைண்டர் ஒன்று, பழையதானாலும் ஓடுகிறதாக, யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் இந்த வாரத்துக்குள் பங்கு ஆபீசில் சொல்லுங்கள்.